ஒரு அடி நாலே கால் இஞ்ச்

மலைச்சாரல் கார்டன்,
ராஜபாளையம்.
7.7.2024, ஞாயிறு

அன்புள்ள காளீஸ்வரிக்கு,

உன் கணவன் ஜெயபாண்டி எழுதுவது. ‘உன் கணவன்’ என்பதைப் பார்த்து முகத்தைச் சுளிக்க வேண்டாம். ரேஷன் கார்டில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. நான் சௌக்கியம். நீ சௌக்கியம் என்று நம் மகள் சிவரஞ்சனி பெங்களூரிலிருந்து வாரம் ஒரு தடவை போனில் சொல்கிறாள். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெண்டாட்டியின் சேதி எனக்குப் பெங்களூர் போய்ச் சுற்றி வருகிறது.

அதனால் இனிமேல் கடிதம் எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வந்துவிடுகிறது. நான் பட்டாளத்தில் இருந்த இருபத்தெட்டு வருஷமும் நாம் இன்லண்ட் லெட்டரில்தான் குடும்பம் நடத்தினோம். ஒரு சண்டை உண்டா? நான் ஓய்வு பெற்று வந்த பிறகுதான் எல்லாக் கோளாறும். இந்த இன்லண்ட் வாங்க இரண்டு தபாலாபீஸ் அலைந்தேன், அதையாவது நினைத்துப் பதில் போடு.

வீடு ஜம்மென்று இருக்கிறது. மாடியில் நின்றால் மலை தெரிகிறது. உனக்கென்று கட்டிய சமையலறையில் மேடை, அலமாரி எல்லாம் அப்படியே புதுசாக இருக்கிறது. அந்தக் கதவு மட்டும் மழைக்கு உப்பிக்கொண்டு சாத்த வரமாட்டேன் என்கிறது.

ஒரு அதிசயம் நடக்கிறது. பின்பக்கம் தண்ணீருக்குப் போர் போட்டோமே, அதன் இரும்புக் குழாய் தரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வளர்ந்து வருகிறது! பக்கத்து வீட்டு வெள்ளத்தாய்தான் முதலில் பார்த்தாள். மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டாள். மில் எலக்ட்ரீஷியன் தவசிமுத்து மஞ்சள் துணி கட்டினான். குழாயம்மன் என்று பேரும் ஆகிவிட்டது. இங்கே குடியிருப்போர் சங்கத் தலைவன் என்ற முறையில் நானும் காலையில் பல் தேய்த்ததும் ஒரு கும்பிடு போடுகிறேன்.

எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
உன் ஜெயபாண்டி


மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
12.7.2024

சுபேதார் (ஓய்வு) ஜெயபாண்டி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்தது. ஸ்டாஃப் ரூமே பார்த்தது. ஐம்பத்துநாலு வயதில் டீச்சருக்கு லெட்டர் வருகிறதென்று கணக்கு டீச்சர் ஜெயசித்ரா மிட்டாய் கேட்கிறாள். இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுதவும்.

சண்டை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. 1998-இல் நீங்கள் லடாக்கில் லேயிலிருந்து எழுதிய ஒரு கடிதத்துக்கு நான் இரண்டு மாதம் பதில் போடவில்லை. பனியில் தபால் வரவில்லை என்று நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள்.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏன் போனேன் என்பது ஞாபகம் இருக்கிறதா? என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஜோத்பூரிலிருந்து போனிலேயே மனை வாங்கினீர்கள். கட்டி முடிக்கும் வரை காட்டவில்லை, அதிசயமாக இருக்கட்டும் என்றீர்கள். கிரகப்பிரவேசத்தன்றுதான் அந்த வாசலில் கால் வைத்தேன். எதிர் மனையில் மடைக்கல் நின்றது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது குருவிக் கண்மாய். எங்கள் ஊர் மம்சாபுரத்திலிருந்து அத்தை வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் கால் நனைத்த கண்மாய். “கண்மாய்க்குள்ளயா வீட்டக் கட்டிருக்கிய?” என்று கேட்டேன். நூறு பேர் முன்னால் நீங்கள் சொன்ன பதில்: “ஏட்டி, பூகோளப் பாடத்தப் பள்ளிக்கூடத்தோட வச்சுக்கோ.” எல்லோரும் சிரித்தார்கள். பால் பொங்கிய பானையோடு பஸ் ஏறியவள் நான். பானை என்னிடம்தான் இருக்கிறது. அது எங்கள் அம்மா வீட்டுச் சீர், கேட்க வேண்டாம்.

அது இருக்கட்டும். இந்தப் பக்கம் ஒரு மாதமாகத் தூறல்கூட இல்லை. அந்தக் கதவு எந்த மழைக்கு உப்பியது?

உங்கள் குழாயம்மனை இஞ்ச் டேப்பால் அளந்து எழுதவும். போர் போட்ட அன்று தரைக்கு மேல் எத்தனை அடி விட்டு வெட்டினார்கள் என்பதையும் எழுதவும்.

கா. காளீஸ்வரி, எம்.ஏ., பி.எட்.


ராஜபாளையம்,
28.7.2024

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

சல்யூட். உத்தரவுப்படி அளந்தாயிற்று. ஒரு அடி நாலு இஞ்ச். போர் போட்ட அன்று மேஸ்திரி என் கண் முன்னால்தான் சரியாக ஒரு அடி விட்டு அறுத்தான். இரண்டு வருஷத்தில் நாலு இஞ்ச் வளர்ந்திருக்கிறாள் அம்மன். குழாயைச் சுற்றிப் போட்ட சிமெண்ட் திண்டு வெடித்து, குழாயை விட்டுக் கீழே இறங்கி நிற்கிறது.

அளக்கும்போது வெள்ளத்தாய் பார்த்துவிட்டாள். “சாமிக்கு அளவு எடுக்கியளே, பாவாட தைக்கவா?” என்றாள். வேறென்ன சொல்ல, ஆமாம் என்றேன். இப்போது நிஜமாகவே தைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சிவப்புத் துணி எத்தனை மீட்டர் வேண்டும் என்று எழுது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆடிக்கூழ் ஊற்றினார்கள். கூழ் நன்றாக இருந்தது. உன் கைப்பக்குவம் இல்லை.

வேறு சேதி: போரில் தண்ணீர் குறைந்துவிட்டது. முன்பு ஒரு மணி நேரத்தில் நிறைந்த தொட்டிக்கு இப்போது மூன்று மணி நேரம் மோட்டார் ஓட வேண்டியிருக்கிறது. ஒன்பது வீட்டுக்கும் என் கொல்லையில் இருக்கிற இந்த ஒரு போர்தான். அதனால் ஆயிரத்து இருநூறு அடிக்கு இரண்டாவது போர் போடப்போகிறோம். திருச்செங்கோட்டுப் போர் வண்டிக்குச் சொல்லிவிட்டேன், செப்டம்பர் 15 வருகிறது.

ஒரு வேடிக்கை. ஹாலில் எலுமிச்சம்பழம் கை தவறி விழுந்தது. அதுவாக உருண்டு சமையலறைக்குள் போய்விட்டது. எடுத்து வைத்தேன், மறுபடி போனது. உன் சமையலறைக்கு எலுமிச்சம்பழத்துக்குக்கூட வழி தெரிகிறது, உனக்குத்தான் தெரியவில்லை.

உன்,
ஜெயபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
5.8.2024

அத்தானுக்கு,

எலுமிச்சம்பழத்தைப் படித்ததும் கோபத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். அதனால் இந்தத் தடவை சுபேதார் என்று எழுத வரவில்லை.

குழாய் வளரவில்லை அத்தான். அது நின்ற இடத்தில்தான் நிற்கிறது. நீங்களும் வீடும் கீழே போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

நாற்பத்திரண்டு அடிக்குக் குழாய் இறக்கிப் பாறையில் உட்கார வைத்ததாக அப்போது பெருமையாகச் சொன்னீர்கள். பாறை அசையாது. பாறைக்கு மேலே இருப்பது கண்மாய்க் களிமண். அதன் மேலே லாரி லாரியாகக் கொட்டிய கட்டட இடிசல். அதன் மேலே உங்கள் வீடு. களிமண்ணின் பொடித் துகள்களுக்கு நடுவில் தண்ணீர் நிற்கும். மேலே உள்ள பாரத்தில் ஒரு பங்கை அந்தத் தண்ணீர்தான் சுமக்கிறது. எங்கள் பள்ளி வேனில் பிள்ளைகளுக்கு நடுவில் புத்தகப் பைகள் இருக்கும். பைகளை இறக்கிவிட்டால் பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்துவிடும், பாதி சீட் காலியாகும். அதே மாதிரிதான். கீழே பாறை இடுக்கில் போர் உறிஞ்ச உறிஞ்ச, மேலே களிமண்ணில் நிற்கிற தண்ணீர் கசிந்து இறங்குகிறது. துகள்கள் நெருங்குகின்றன, நிலம் உட்காருகிறது. முன்பு மழைக்குக் கண்மாய் பெருகித் திரும்ப ஊறும். இப்போது மேலே முழுக்க சிமெண்ட் ரோடு.

இது உங்கள் கார்டனுக்கு மட்டும் வந்த சீக்கு இல்லை. ஜகார்த்தாவில் இப்படி உறிஞ்சி உறிஞ்சியே ஊர் இறங்கி, கடல் தெருவுக்குள் வருகிறது. மெக்சிகோ நகரத்தைப் பழைய ஏரியின் மேல் கட்டியிருக்கிறார்கள். அங்கே நூறு வருஷத்துக்கு முன்னால் ஆழமாக அஸ்திவாரம் போட்டு ஒரு சுதந்திரத் தூண் நிறுத்தினார்கள். தூண் நின்றது, சுற்றியிருந்த தெரு இறங்கிவிட்டது. ஏறிப்போக முடியாமல் பதினாலு படி புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். தூண் வளர்கிறதென்று யாரும் பாவாடை தைக்கவில்லை.

நாலு இஞ்ச்தானே என்பீர்கள். எல்லா இடமும் ஒன்றுபோல இறங்கினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. பழைய கரையின் ஒரு முனை உங்கள் மனையின் முன்பக்கத்தில் வந்து முடிகிறது. வீட்டின் முன்பாதி கரை மேல் இருக்கிறது, பின்பாதி கண்மாய்க்குள் இருக்கிறது. முன்பாதி நிற்க, பின்பாதி இறங்குகிறது. கதவு பிடிப்பதும் பழம் உருள்வதும் அதனால்தான். ஹால் சுவரில் விரிசல் இருக்க வேண்டும், நீங்கள் எனக்கு எழுதவில்லை. இருக்கிறதா, இல்லையா?

தயவுசெய்து அந்த வண்டியை வரவிடாதீர்கள். இன்னொரு போர் போட்டால் இறக்கம் இரட்டிப்பாகும். ஒன்பது வீட்டிலும் ஆட்கள் படுத்துத் தூங்குகிறார்கள்.

நாளை மறுநாள் ஆடிப்பூரத் தேர். பிள்ளைகளோடு வடம் பிடிக்கப் போகிறேன். உங்களுக்காகவும் ஆண்டாளிடம் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

காளீஸ்வரி


ராஜபாளையம்,
20.8.2024

திருமதி காளீஸ்வரி, எம்.ஏ., பி.எட். அவர்களுக்கு,

பூகோளம் படித்தேன். நல்ல பாடம். மெக்சிகோவும் ஜகார்த்தாவும் பார்த்த கண்ணுக்கு இங்கே இருக்கிற எட்டுக் குடும்பம் தெரியவில்லை.

தவசிமுத்து பெண்டாட்டி நகையை விற்று இந்த மனையை வாங்கினான். வெள்ளத்தாய் மகன் எல்லையில் நின்று அனுப்பிய பணத்தில் வீடு எழுந்தது. “சுபேதார் ஐயாவே கட்டுதாரு, நாமளும் கட்டுவோம்” என்று என் முகத்தைப் பார்த்து வந்தவர்கள் எல்லோரும். அவர்களைக் கூப்பிட்டு, நீங்கள் எல்லோரும் கண்மாய்க்குள் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நான் சொல்ல வேண்டுமா? தண்ணீர் இல்லையென்று குடத்தோடு நிற்கிறவளிடம் களிமண் கதை சொல்ல என்னால் ஆகாது. வண்டி வரும்.

விரிசல் இருக்கிறது. புதுச் சுவரென்றால் இருக்கத்தான் செய்யும். ஒரு விரல் போகும், அவ்வளவுதான்.

சுபேதார் ஜெயபாண்டி

பி.கு. தேருக்கு நான் வந்திருந்தேன். மறு வடத்தில் நின்றேன். நீ நீலச் சேலையில் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தாய். கூப்பிட்டால் பேச வேண்டும், பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வரும். நல்ல நாளில் எதற்கென்று பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.


ஸ்ரீவில்லிபுத்தூர்,
27.8.2024

அத்தானுக்கு,

அது நீலம் இல்லை, மயில்கழுத்துக் கலர். நீங்கள் வாங்கிக் கொடுத்ததுதான். கூப்பிட்டிருக்கலாம். இரண்டு நிமிஷம் பேசிவிட்டுப் போயிருக்கலாமே.

மற்றதைச் சுருக்கமாக எழுதுகிறேன். செப்டம்பர் 15 அந்த வண்டி உங்கள் கொல்லையில் நின்றால், நான் அந்த வாசலை ஜென்மத்துக்கும் மிதிக்கமாட்டேன். மிரட்டல் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் படுத்திருக்கிற வீடு இறங்குவதைத் தெரிந்துகொண்டே அங்கே வந்து உங்களுக்குச் சோறாக்க எனக்குத் தெம்பு இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான். வேறெப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

என் பேச்சை நம்ப வேண்டாம். விரிசலுக்குக் குறுக்கே ஒரு தாளைப் பசை தடவி ஒட்டுங்கள், தேதி எழுதுங்கள். சுவர் அசையவில்லையென்றால் தாள் அப்படியே இருக்கும். கிழிந்தால் எனக்கு எழுதுங்கள்.

காளீஸ்வரி


ராஜபாளையம்,
10.9.2024

அன்புள்ள காளீஸ்வரிக்கு,

தேதி எழுதுகிற வேலையே வைக்கவில்லை. தினக் காலண்டர் தாளையே கிழித்து ஒட்டினேன். ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை. சோற்றுப் பசை போட்டு, பட்டாளத்தில் கவர் ஒட்டுகிற மாதிரி அழுத்தி ஒட்டினேன். காலையில் குழாயம்மனைக் கும்பிடுவதை விட்டுவிட்டு அந்தத் தாளைப் பார்ப்பதுதான் வேலை. பத்து நாள் அசையவில்லை. உனக்கு ஒரு கெக்கலிப்புக் கடிதம் எழுத மனசுக்குள் வார்த்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன்.

நேற்றுக் காலை தாள் இரண்டாகக் கிழிந்திருந்தது. ‘வெள்ளி’ ஒரு பக்கம், ‘30’ ஒரு பக்கம்.

குழாயைப் போய் அளந்தேன். ஒரு அடி நாலே கால் இஞ்ச். காபி போட்டேன், குடிக்கவில்லை.

சமையலறைக் கதவு இப்போது சாத்தவே வருவதில்லை. நீ வருவாய் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய பகுதிதான் முதலில் இறங்குகிறது காளி. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

14-ஆம் தேதி சாயங்காலம் சங்கக் கூட்டம் வைத்திருக்கிறேன். லேயில் மைனஸ் இருபதில் நின்றபோதுகூட நான் பின்வாங்கவில்லை. இந்த எட்டு வீட்டுக்காரர்கள் முன்னால் நிற்கத் தைரியம் வரவில்லை. நீ வந்து சொல்கிறாயா? உனக்குச் சொல்லத் தெரியும். நான் பக்கத்தில் நிற்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் ஜெயபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
12.9.2024

அத்தானுக்கு,

தபாலில் போட்டால் கூட்டத்துக்குள் வந்து சேராதென்று ராஜபாளையம் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ள சிவரஞ்சனியை விட்டுப் போன் செய்யச் சொல்கிறேன். பெங்களூர் வழி இன்னும் ஒரு தடவை உதவட்டும்.

நான் வரவில்லை. கோபத்தில் எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் அதே வாசலில் நூறு பேர் முன்னால் சொன்னேன். சொன்னது சரி, சொன்ன இடம் தப்பு. நல்ல காரியத்தன்று, புது வேட்டியும் மாலையுமாகச் சிரித்துக்கொண்டு நின்ற மனுஷனைக் கூட்டத்துக்கு நடுவில் நான் தலைகுனிய வைத்தேன். உள்ளே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அதை இத்தனை நாள் நான் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது ஒத்துக்கொள்கிறேன். மறுபடியும் நானே வந்து பேசினால் அன்றைக்கு நடந்ததுதான் நடக்கும். உங்களை நம்பி வந்தவர்களிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பாடம் எடுக்க வேண்டாம். டேப்பையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிழிந்த தாளைக் காட்டுங்கள். நான் தப்புச் செய்துவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், கடைசிக்கு வைத்தால் சொல்லாமலே விட்டுவிடுவீர்கள்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

காளீஸ்வரி


ராஜபாளையம்,
17.9.2024

அன்புள்ள காளிக்கு,

வண்டி வரவில்லை!

முதலில் இதை எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படி. சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டு ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்தேன். நீ சொன்னபடி எடுத்ததுமே, “நான் தப்புப் பண்ணிட்டேன், உங்களையும் தப்பான எடத்துல கொண்டாந்து விட்டுட்டேன்” என்றேன். எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தேன். அது எட்டு வீட்டுக்காரர்களையும் தாண்டி உருண்டு சமையலறைக்குள் போனது. அத்தனை பேரும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

பிறகு கொல்லைக்குக் கூட்டிப்போய் டேப்பைப் பிடித்தேன். பாறை, களிமண், உங்கள் பள்ளி வேன் எல்லாம் சொன்னேன். தவசிமுத்துதான் முதலில் பிடித்துக்கொண்டான்.

“அப்போ இது சாமி இல்லியா?”

“கேசிங் பைப்புப்பா.”

“நல்லா இருக்கே! ரெண்டு மாசமா கவுச்சி தொடாம வெரதம் இருக்கேன். இத மொதல்லயே சொல்லிருக்கப்புடாதா?”

சிரிப்பு வந்தது. ஆனால் செத்த நேரத்தில் கூட்டம் சூடாகிவிட்டது. மனை வாங்கும்போது இதெல்லாம் எங்கே போனது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, தலையைக் குனிந்து நின்றேன். தண்ணிக்கு என்ன வழி, வண்டி வந்தே ஆகணும் என்று பாதிப் பேர் கத்தினார்கள். எதிர்வீட்டு ராஜா தெலுங்கிலேயே திட்டினார். என்ன திட்டு என்று எனக்கு அர்த்தம் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

அப்போதுதான் வெள்ளத்தாய் குழாய்க்கு முன்னால் போய் நின்றாள், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. “இந்தாங்க, ஐயா பைப்புங்காவ. நான் சாமிங்கேன். அவிய சொல்லுதது நெசமா இருந்தா, ஓட்டை போட்டா வீடு எறங்கும். நான் சொல்லுதது நெசமா இருந்தா, சாமி பக்கத்துல ஓட்டை போட்டா கண்ணு அவிஞ்சு போகும். எப்படிப் பாத்தாலும் வண்டி எதுக்கு? திருப்பி அனுப்புங்க.”

கத்தினவர்களே தலையாட்டினார்கள் காளி. டேப் பிடித்து நான் சொன்னதைவிட அது பலித்தது. அங்கேயே திருச்செங்கோட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

மோட்டார் பீஸ் கட்டையைப் பிடுங்கி அம்மன் காலடியில் வைத்தாயிற்று. யாரும் தொடமாட்டார்கள். இனி நகராட்சிக் குழாய்த் தண்ணீர்தான், வீட்டுக்கு இத்தனை குடம் என்று முறை வைத்திருக்கிறோம். மொட்டை மாடித் தண்ணீர் எல்லாவற்றையும் மண்ணுக்குள் இறக்க ஒன்பது வீட்டிலும் குழி வெட்டுகிறோம். மடைக்கல் இருக்கிற காலி மனையைத் தோண்டி மழைத் தண்ணீர் நிற்கவிட அதன் சொந்தக்காரரும் சம்மதித்துவிட்டார். வீடுகளைச் சோதிக்கக் கிருஷ்ணன்கோவிலிலிருந்து ஒரு சிவில் எஞ்சினியர் அடுத்த மாதம் வருகிறார்.

நான் சொல்லிவிட்டேன் காளி. நீ சொன்னபடியே முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உன் ஜெயபாண்டி

பி.கு. பாவாடைத் துணி ஒன்றரை மீட்டர் போதுமா?


ராஜபாளையம்,
22.12.2024

அன்புள்ள காளிக்கு,

உன் மூன்று கடிதமும் வந்தன. மூன்று மாதமாகப் பதில் எழுதாததற்குப் பனி காரணம் இல்லை. எழுத வரவில்லை.

எஞ்சினியர் வந்து பார்த்தார். மற்ற எட்டு வீடும் முழுக்கக் கண்மாய்க்குள் இருப்பதால் ஒன்றுபோல இறங்கியிருக்கின்றன. போருக்குத் தள்ளியும் இருக்கின்றன. சின்னப் பூச்சு வேலையோடு நிற்கும் என்றார். கேட்டதும் தவசிமுத்து அப்போதே கவுச்சி சாப்பிடப் போய்விட்டான். கரைக்கும் கண்மாய்க்கும் குறுக்கே கட்டியிருப்பது என் வீடு ஒன்றுதான். முன்பாதி கெட்டி, பின்பாதியை இடித்துவிடுங்கள் என்றார். இறங்கினது இனி ஏறாதாம், நிறுத்தத்தான் முடியுமாம்.

இடித்துவிட்டேன். உன் சமையலறை, மேடை, அலமாரி எல்லாம் போயிற்று. இப்போது இருப்பது வராந்தா, முன் அறை, பாதி ஹால். அடுப்பை ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறேன்.

நல்ல சேதியும் இருக்கிறது. மழை நன்றாகப் பெய்தது. மடைக்கல் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. இரண்டு கொக்கு வருகிறது. குழாயை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அளக்கிறேன். மூன்று மாதமாக ஒரு அடி நாலே கால் இஞ்ச், நூல் அளவுகூட ஏறவில்லை. புதுக் காலண்டர் தாள் ஒட்டியிருக்கிறேன், கிழியவில்லை.

வீட்டுக்கு வா என்று இத்தனை நாள் ஜம்பமாகக் கூப்பிட்டேன். இனி கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. பாதி வீட்டுக்கு எந்த முகத்தோடு கூப்பிடுவது? நீ மடவார் வளாகத்தில் சௌகரியமாக இருக்கிறாய். இருந்துகொள். கடிதம் மட்டும் நிறுத்தாதே.

ஜெயபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
28.1.2025

அன்புள்ள அத்தானுக்கு,

பொங்கல் முடிந்து எழுதலாம் என்று இருந்தேன். பிறகு குடியரசு தினத்துக்குக் கொடியேற்றம், பேச்சுப் போட்டி. கூடவே ஒரு விண்ணப்பமும் எழுதி வாடகை வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறேன் என்ற விண்ணப்பம்.

பாதி வீடு என்று மூக்கைச் சிந்தியிருக்கிறீர்கள். நாம் எத்தனை பேர் அத்தான்? இரண்டு பேர். சிவரஞ்சனி வந்தால் மூன்று. எனக்கு மாடியும் அலமாரியும் எதற்கு? கரை மேல் நிற்கிற ஒரு அறை, ஜன்னல் ஓரம் அடுப்பு, வாசலில் கொக்கு. முதலிலேயே என்னைக் கேட்டிருந்தால் இதைத்தான் கட்டச் சொல்லியிருப்பேன். காசும் மிச்சமாகியிருக்கும்.

உங்களை அந்த எட்டு வீட்டுக்காரர்கள் இன்னும் தலைவராக வைத்திருக்கிறார்கள் என்று சிவரஞ்சனி சொன்னாள். எனக்குப் பெருமையாக இருக்கிறது. எந்த வீட்டையும்விட அது பெரிது எனக்கு. எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை, 7.40 பஸ்ஸில் வருகிறேன். நாள் நட்சத்திரம் பார்க்கவில்லை. எனக்கு லீவு, அது போதும். பானையைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். போன தடவை பொங்கின பால் பாதி வழியில் பஸ்ஸில் சிந்திப் பக்கத்து சீட்டுக்காரி என்னைத் திட்டினாள். இந்தத் தடவை காலிப் பானையாகத்தான் கொண்டு வருகிறேன். பால் நீங்கள் வாங்கி வையுங்கள். வெள்ளத்தாயையும் தவசிமுத்துவையும் கூப்பிடுங்கள். நூறு பேர் வேண்டாம். பாவாடைத் துணி நானே எடுத்துவிட்டேன், ஒன்றரை மீட்டர்.

மூன்றாவது நிமிஷம் சண்டை வருமே என்று நீங்கள் யோசிப்பது எனக்குத் தெரியும். இன்லண்ட் லெட்டர் இருபத்தைந்து வாங்கி வைத்திருக்கிறேன். சண்டை வந்தால் நீங்கள் அறைக்குள் உட்கார்ந்து எழுதுங்கள், நான் வராந்தாவில் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். தபாலாபீஸ் வரை போக வேண்டாம், கதவுக்கு அடியில் தள்ளினால் போதும்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில்லுங்கள். மயில்கழுத்துச் சேலையில் வருவேன். இந்தத் தடவை கூப்பிடுங்கள்.

உங்கள் காளி